துறைமுகத்தின் கணக்குகள் - 17: காயத்துக்கு யார் சாட்சி?

சென்ற வாரம் சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்களையும், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியதையும் பார்த்தோம். அந்த நாட்களில் இறந்தவர்களைத் தேடுவது இன்றும் சிரமமில்லை. நிலாவெளி வீதியில் பொதுநலவாய யுத்தக் கல்லறைகள் ஆணைக்குழு பராமரிக்கும் மயானம் இருக்கிறது. ஒரே உயரத்தில் வரிசையாகக் கற்கள். ஒவ்வொன்றிலும் பெயர், படைப்பிரிவு, திகதி. முதல் நாள் இரவு இந்தத் துறைமுகத்தை விட்டு வெளியேறி, மறுநாள் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்ட 'ஹேர்மிஸ்' விமானந்தாங்கிக் கப்பலோடு போன 300க்கு மேற்பட்டவர்களின் பெயர்கள் பிரித்தானியக் கடற்படை நினைவுத் தூண்களில் இருக்கின்றன. அதே கடலிலிருந்து 'வீட்டா' என்ற வைத்தியக் கப்பல் ஏறத்தாழ 600 பேரைத் தூக்கியெடுத்தது. அவர்களில் எரிகாயத்தோடு வந்தவர் யார், கை போனவர் யார் என்பதற்குக் கல்லும் இல்லை, தூணும் இல்லை. இறந்தவனை அரசு தானாகத் தேடிப் பதிந்து வைக்கிறது. காயத்தோடு பிழைத்தவன்தான் தன் காயத்தைத் தானே நிரூபிக்க வேண்டியிருக்கிறது. போரில் பட்ட காயத்துக்கான பதக்கத்தைப் பல வருடம் கழித்துக் கேட்டு வருபவரிடம் "கடதாசி எங்கே?" என்று கேட்பது முறையல்ல என்பதே இந்த வாரத்து வாதம். கடதாசியை எழுதியதும் பூட்டி வைத்ததும் அரசு. அது தொலைந்தால் பொறுப்பும் அரசுடையதுதான்.

இந்தக் கேள்வி திருகோணமலையில் 1942ஓடு முடிந்துபோன ஒன்றல்ல. 1987 ஜூலை 29இல் கைச்சாத்தான இந்திய இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிக்கொள்ளப்பட்ட கடிதங்களில் இந்தத் துறைமுகமும் குதங்களும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டன. அந்த ஒப்பந்தத்தின் பேரில் வந்த இந்திய அமைதிப்படையின் கடைசிப் பிரிவு 1990 மார்ச் 24இல் கப்பலேறியதும் இங்கிருந்துதான். வந்தவர்களில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் உயிரோடு திரும்பவில்லை. ஏறத்தாழ 3,000 பேர் காயப்பட்டார்கள். சென்னையில் இறங்கிய படையை வரவேற்க அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி போகவில்லை என்பது பலருக்கும் நினைவிருக்கும். பின்னர் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டையில் இறந்தவர்களின் பெயர்களோடு நினைவுச் சின்னம் எழுந்தது. காயப்பட்டவர்களுக்கென்று இந்தியாவிடம் ஏற்கெனவே ஒரு பதக்கம் இருந்தது. 1973இல் உருவான 'பராக்ரம் பதக்' அது. எதிரியின் நேரடித் தாக்குதலில் காயமடைந்தவருக்கு உரியது. வீரச்செயல் எதையும் காட்ட வேண்டியதில்லை, காயம் ஒன்றே போதும். சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் அதைக் கேட்டு விண்ணப்பம் மேல் விண்ணப்பம் எழுத வேண்டிய நிலை முதிய சிப்பாய்க்கு ஏன் வருகிறது? விடை சண்டை நடந்த இடத்தில் இல்லை, அதற்குப் பிறகு நடக்கும் எழுத்து வேலையில் இருக்கிறது.

கண்ணிவெடியில் வாகனம் சிக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கால் போனவரை ஹெலிகொப்டர் தூக்கிச் செல்லும். அவர் பெயர் அன்றைக்கே தந்தியில் மேலிடம் போகும், வைத்தியசாலை அனுமதிப் புத்தகத்தில் ஏறும், மருத்துவ வாரியத்தின் முன் வரும். அவருக்குப் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. அதே வாகனத்தில் தோளிலும் விலாவிலும் சன்னம் ஏறியவரை எடுத்துக்கொள்வோம். படைப்பிரிவின் வைத்தியர் கண்ணுக்குத் தெரிந்த துண்டை எடுத்து, மருந்து வைத்துக் கட்டி, சில நாள் ஓய்வு கொடுத்து மறுபடி காவலுக்கு அனுப்புகிறார். அவருடைய காயத்துக்கு முதல் சாட்சி அந்த முகாமின் சிகிச்சைப் பதிவேட்டில் ஒரு வரி. அந்த வரி காய அறிக்கையாக வேண்டும். அறிக்கையில் 'போர்க்காயம்' என்று வகைப்படுத்தப்பட வேண்டும். பிறகு சிப்பாய்கள் 'பார்ட் டூ ஓர்டர்' என்று சொல்லும் நாளாணையில் வெளியாக வேண்டும். அது மதராஸ் றெஜிமென்டுக்காரர் என்றால் நீலகிரியின் வெலிங்டனில் உள்ள பதிவு அலுவலகத்துக்குப் போய் அவருடைய சேவைப் புத்தகத்தில் ஏற வேண்டும். இதில் ஒரு படி தவறினாலும் அவர் காயமே படாதவர். முகாம் இடம் மாறுகிறது, எழுத்தர் லீவில் போகிறார், இன்னொரு தாக்குதல் வருகிறது. படி தவறுவதற்குப் பெரிய சதி எதுவும் தேவையில்லை. காயப்பட்டவருக்கோ அந்த நேரத்தில் உயிர் தப்பியதே பெரிது. நாளாணையில் தன் பெயர் வந்ததா என்று முகாம் அலுவலகத்தில் போய்ப் பார்த்த சிப்பாய் அபூர்வம்.

அடுத்த அடி காலத்தின் கையால் விழுகிறது. ஓய்வூதியம் இல்லாமல் படையை விட்டுப் போன சிப்பாயின் சேவை ஆவணங்களை 25 வருடம் வைத்திருந்துவிட்டு அழித்துவிடலாம் என்பது இந்திய இராணுவத்தின் விதி. 1990இல் விலகியவருடைய கோப்பு 2015இல் எரிக்கப்படலாம். 2016இல் அவர் பதக்கம் கேட்டு எழுதினால் "ஆவணம் இல்லை" என்று பதில் வரும். அழித்தவரே ஆதாரம் கேட்கும் விசித்திரம் இது. அமெரிக்காவில் இது வேறு வடிவத்தில் நடந்தது. 1973 ஜூலையில் சென்ட் லூயிஸ் நகரத்து ஆவணக் காப்பகம் தீப்பிடித்தபோது 1 கோடியே 60 இலட்சத்துக்குக் குறையாத கோப்புகள் போயின. அங்கே காயப்பட்டவருக்கு 'பேர்பிள் ஹார்ட்' பதக்கம். கோப்பு எரிந்துபோனதை அவர்கள் விண்ணப்பதாரரின் தலையில் கட்டிவிடவில்லை. படைப்பிரிவின் தினசரி அறிக்கை, வைத்தியசாலை அனுமதிக் குறிப்பு, கூட இருந்தவர்களின் சத்தியக் கடதாசி என்று மாற்று வழிகளைத் திறந்தார்கள். அந்தப் பதக்கமே பழைய காயத்துக்குப் பிந்திக் கிடைத்த ஒன்றுதான்: 1932இல் இன்றைய வடிவில் வந்தபோது, முதல் உலகப் போரில் காயப்பட்டவர்கள் பதினான்கு, பதினைந்து வருடம் கழித்து விண்ணப்பித்துப் பெற்றார்கள்.

கதவை இப்படித் திறந்துவிட்டால் பொய்க்காரர் வருவார்கள் என்பது முதல் ஆட்சேபம். வரத்தான் செய்வார்கள். ஆனால் போலிக்குப் பயப்படும் அலுவலகம் தன்னிடம் இருக்கும் ஆதாரத்தை முதலில் பார்க்கட்டும். ஒருவருடைய தனிக் கோப்பு அழிந்தாலும் படைப்பிரிவின் போர் நாட்குறிப்பு வேறு இடத்தில் இருக்கும். எந்தத் திகதி, எந்த வீதி, எந்தக் கம்பனி, எத்தனை பேர் காயம் என்று அது சொல்லும். "குச்சவெளிப் பக்கம் ரோந்து போனபோது" என்று விண்ணப்பதாரர் எழுதினால் அதை அந்தக் குறிப்போடு ஒப்பிடலாம். இன்னொரு சாட்சி அவருடைய உடம்பிலேயே இருக்கிறது. எலும்போரத்தில் தங்கிவிட்ட சன்னம் எக்ஸ்ரே படத்தில் எலும்பைவிட வெள்ளையாக, கூரான விளிம்போடு தெரியும். அது எப்போது, யார் வெடிக்க வைத்ததால் வந்தது என்று படம் சொல்லாதுதான். ஆனால் நாட்குறிப்பு, கூட இருந்த இருவரின் வாக்குமூலம், உலோகத் துண்டு மூன்றும் ஒரே கதையைச் சொல்லும்போது, அதை மறுக்கும் வேலை அலுவலகத்தினுடையது. இது ஒன்றும் புதுச் சிந்தனையில்லை. ஊன ஓய்வூதியத்தில் இந்திய உச்ச நீதிமன்றம் 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் இதைத்தான் சொன்னது: சேரும்போது நோய் எதுவும் குறிக்கப்படாதவர் நல்ல உடம்போடு சேர்ந்தவர் என்றே கொள்ள வேண்டும், நிரூபிக்கும் பாரம் அவர்மேல் இல்லை, சந்தேகத்தின் பலன் அவருக்கே. பணத்துக்குப் பொருந்திய நியாயம் மார்பில் குத்தும் உலோகத்துக்குப் பொருந்தாமல் போவது எப்படி?

இரண்டாவது ஆட்சேபம் கொஞ்சம் கனமானது. காயம் ஒரு தகுதியா என்ன, பக்கத்தில் நின்றவனைத் தவறவிட்ட சன்னம் இவன்மேல் பட்டது, அவ்வளவுதானே என்கிறார்கள். பிரித்தானியர் ஏறத்தாழ இந்த நிலைப்பாட்டில்தான் இன்றும் இருக்கிறார்கள். காயத்துக்கென்று அவர்களிடம் பதக்கம் கிடையாது. 1916இலும் மறுபடி 1944இலும் சட்டையின் இடது கையில் சிறு பட்டை ஒன்றைத் தைத்துக்கொள்ள அனுமதித்தார்கள், அதோடு சரி. இந்த நிலைப்பாட்டை நான் குறை சொல்ல மாட்டேன்; அதில் ஒரு நேர்மை இருக்கிறது, எல்லோருக்கும் ஒரே பதில். ஆனால் இந்தியா 1973இல் வேறு வழியைத் தேர்ந்தது. இலங்கைப் படைகளிலும் சண்டையில் பட்ட காயத்துக்கு 'தேச புத்ர சம்மானய' உண்டு. தருவதாகச் சட்டம் எழுதிவிட்டு, எழுத்தர் லீவில் போன காரணத்தால் ஒருவருக்கு இல்லை என்பது கொள்கையாகாது. பதக்கத்தின் மதிப்பு அதிகம் பேருக்குப் போவதால் குறையும் என்பவர்கள், உரியவருக்குப் போகாததாலும் குறையும் என்பதை யோசிப்பதில்லை.

பதக்கம் சோறு போடுமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். 2017 நவம்பரில் கொழும்பு ஜனாதிபதி செயலகத்தின் முன் போராடிய ஊனமுற்ற இலங்கைப் படையினர் பதக்கம் கேட்கவில்லை. 12 வருட சேவை முடியுமுன் காயத்தால் வெளியேறியதற்காக ஓய்வூதியத்தில் காட்டப்பட்ட பாகுபாட்டை நீக்கச் சொன்னார்கள். அவர்கள் கேட்டது நியாயம். ஆனால் பணமும் பதக்கமும் வேறு வேறு கடதாசியில் பிறப்பதில்லை. இந்தியாவில் 'போர்க்காயம்' என்ற ஒரு குறிப்பு ஏறினால் சாதாரண ஊனத்துக்குரிய தொகை இரண்டு மடங்குக்குக் குறையாமல் உயரும். வெளிநாட்டு அமைதிகாப்புப் பணியில் நடந்த சண்டையும் அந்த வகைக்குள் வரும் என்று பாதுகாப்பு அமைச்சின் 2001ஆம் ஆண்டுக் கடிதம் சொல்கிறது. எனவே பதக்கத்தை ஒப்புக்கொள்ளும் அலுவலகம் நாளைக்குத் தொகையையும் மறுக்க முடியாது. மெல்லிய ஓர் உலோக வட்டத்துக்கு இவ்வளவு தயக்கம் ஏன் என்பதற்கு என் ஊகம் இது. ஊகம்தான், ஆனால் வேறு விளக்கம் எனக்குப் பொருத்தமாகத் தெரியவில்லை.

கடைசி ஆட்சேபம் இந்தத் தொடரை வாசிக்கும் பலருடைய மனதில் தொடக்கத்திலேயே வந்திருக்கும். 1987 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வைத்தியசாலைக்குள் நோயாளரையும் தாதியரையும் சுட்டது அதே இந்திய அமைதிப்படை. 1989 ஓகஸ்டில் வல்வெட்டித்துறையில் நடந்ததையும் யாரும் மறக்கவில்லை. அந்தப் படையின் சிப்பாய்க்குப் பதக்கம் வாங்கிக் கொடுப்பது நம் வேலையா? காயத்துக்கான பதக்கம் போரை நியாயப்படுத்துவதில்லை, படையைப் புகழ்வதும் இல்லை. இன்ன நாளில் இன்ன இடத்தில் இந்த உடம்பு தாக்கப்பட்டது என்பதற்கு அரசு தரும் பற்றுச்சீட்டு அது. வீரப் பதக்கமாக இருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அந்தச் சிப்பாய்க்காகக் கேட்கும் அளவுகோல் நம் மக்களுக்கும் உதவும் என்பது. இலக்கமும் சீருடையும் பதிவு அலுவலகமும் உள்ள ஒருவரே தன் காயத்தை நிரூபிக்க முடியாமல் நிற்கிறார் என்றால், 2006இல் ஷெல் விழுந்து ஓடி, கூடாரத்திலும் உறவினர் வீட்டிலும் ஒன்பது வருடம் இருந்து, 2015இல் காணி விடுவிக்கப்பட்ட பிறகு திரும்பிய சம்பூர்க்காரரிடம் என்ன கடதாசி இருக்கும்? கிளினிக் கொப்பி ஓடிய வழியில் போனது. அவர் கையில் இருப்பது கிராம அலுவலரின் உறுதிக் கடிதமும் முதுகில் ஒரு சன்னமும்தான். 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த இழப்பீட்டு அலுவலகத்தின் முன் அவர் போய் நின்றால், சிப்பாய்க்குச் சொன்னதையே அங்கும் கேட்கலாம்: அந்த வாரம் சம்பூரில் ஷெல் விழுந்தது அரசின் சொந்தப் பதிவுகளிலேயே இருக்கிறது, எக்ஸ்ரே படத்தில் உலோகம் தெரிகிறது, பக்கத்து வீட்டார் இருவர் சத்தியக் கடதாசி முடித்துத் தருகிறார்கள். இது போதாது என்றால் ஏன் போதாது என்று எழுத்தில் சொல்ல வேண்டியது அலுவலகம்.

(தொடரும்)