கூடுதல் நேர ஊதியமும் குழந்தையின் ஜீவனாம்சமும்

நமது சங்க அங்கத்தினர்களின் குடும்பங்களில் தறியையும் நிலத்தையும் மட்டுமே நம்பியிருக்கும் குடும்பங்கள் இன்று குறைவு. மகனோ மருமகனோ நூற்பாலைக்குச் செல்கிறார். மகள் பின்னலாடைத் தொழிற்சாலைக்குச் செல்கிறாள். இவர்கள் பெறும் சம்பளத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. மாதந்தோறும் தவறாமல் வருவது ஒன்று. வேலை நேரம் முடிந்த பிறகும் நின்று உழைத்துப் பெறுகின்ற, ஆலைகளில் 'ஓவர்டைம்' என்று வழங்கும் கூடுதல் நேர ஊதியம் மற்றொன்று.

கணவனும் மனைவியும் ஒன்றாக வாழும்வரை இவ்விரண்டும் ஒரே பெட்டியில் சேருகின்றன. அதைப் பற்றிக் கேள்வி எழுவதில்லை. அவர்கள் பிரிந்து, குழந்தை ஒருவரிடம் வளரும் நிலை ஏற்படும்போதுதான் வழக்குப் பிறக்கிறது. "கூடுதல் நேரப் பணம் என் உறக்கத்தை விற்றுச் சம்பாதித்தது, அது கணக்கில் சேராது" என்கிறார் தந்தை. "தீபாவளிக்கு முந்திய மாதத்துச் சம்பளச் சீட்டைப் பாருங்கள், அவருடைய வருமானம் அதுதான்" என்கிறாள் தாய். இருவர் சொல்லிலும் ஓரளவு உண்மை உண்டு. முழு உண்மை இருவரிடமும் இல்லை. இவ்விஷயத்தில் சட்டம் கூறுவது யாது, நியாயமான கணக்கு எது என்பதை அங்கத்தினர்கள் அறிந்திருப்பது நலம்.

சட்டத்தின் அடிப்படை

போதிய வசதியுள்ள ஒருவர் தம் குழந்தையைப் பராமரிக்கத் தவறினால், மாதந்தோறும் ஜீவனாம்சம் கொடுக்குமாறு மாஜிஸ்டிரேட் உத்தரவிடலாம். 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவாக நெடுங்காலம் வழங்கிய இவ்விதி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் புதிய சட்டத்தின் 144-ஆம் பிரிவாக விளங்குகிறது. இது எல்லா மதத்தினருக்கும் பொதுவானது. பெற்றோருக்குள் முறையான திருமணம் நடந்ததா என்பதும் குழந்தையின் உரிமைக்குத் தடையன்று. முன்னர் மாதம் 500 ரூபாய்க்கு மேல் உத்தரவிட இயலாது என்றிருந்த வரம்பு 2001-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது.

இந்துக்களைப் பொறுத்தவரை, 1956-ஆம் ஆண்டின் தத்தெடுத்தல் மற்றும் ஜீவனாம்சச் சட்டம், குழந்தையைப் பராமரிக்கும் கடமையைத் தந்தை தாய் இருவர்மீதும் சுமத்துகிறது. ஆகவே சம்பாதிக்கும் தாயின் கூடுதல் நேர ஊதியமும் கணக்கிற்கு உரியதேயாம். தந்தையின் சீட்டை மட்டும் விரித்துப் பார்த்துத் தாயின் சீட்டை மடித்து வைப்பது முறையாகாது.

இனி, கூடுதல் நேர ஊதியத்தைச் சேர்க்க வேண்டுமா, நீக்க வேண்டுமா என்று இச்சட்டங்களில் தனியாக ஒரு வரியும் எழுதப்படவில்லை. இத்தனை சதவீதம் குழந்தைக்கு என்ற அட்டவணையும் நம் நாட்டில் இல்லை. கொடுப்பவரின் மெய்யான வசதி என்ன, குழந்தையின் மெய்யான தேவை என்ன என்று இரண்டையும் நிறுத்துப் பார்த்துத் தொகையை நிர்ணயிக்கும் பொறுப்பு நீதிமன்றத்திடம் விடப்பட்டிருக்கிறது.

இங்கிலாந்தில் வழக்கம் வேறு. அங்கே அரசாங்கத்தின் குழந்தைப் பராமரிப்புத் துறை, வரி அலுவலகத்தில் பதிவான ஓராண்டு மொத்த வருமானத்தை எடுத்துக்கொள்கிறது. கூடுதல் நேர ஊதியமும் அதனுள் அடங்கும். வார வருமானம் 200 பவுனுக்கு மேல் 800 பவுன் வரையில் இருந்தால், பொதுவாக ஒரு குழந்தைக்கு 12 சதவீதம், இரண்டு குழந்தைகளுக்கு 16 சதவீதம் என்று கணக்கிடுகிறார்கள். ஆண்டின் நடுவில் வருமானம் 25 சதவீதமாவது ஏறினாலோ இறங்கினாலோதான் தொகையை மாற்றுவார்கள். ஒரு மாதத்து ஏற்ற இறக்கத்தைப் பிடித்துக்கொண்டு சண்டையிடாமல் ஆண்டு முழுவதையும் நோக்குவது என்பதே அம்முறையின் சாரம். நம்மவரும் கைக்கொள்ளத் தக்க கருத்து இது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஓர் ஆலைத் தொழிலாளியை எண்ணிக்கொள்வோம். அவருக்கு மாதச் சம்பளம் 15,600 ரூபாய். மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி என்றால் 208 மணி. ஆக மணிக்கு 75 ரூபாய். வரம்புக்கு மேற்பட்ட நேரத்திற்கு இரட்டிப்பு ஊதியம் தரவேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வகுத்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் அவ்விதி தொடர்கிறது. எனவே கூடுதலாக உழைக்கும் ஒவ்வொரு மணிக்கும் அவருக்கு 150 ரூபாய் கிடைக்கும்.

பண்டிகைக்கு முந்திய மூன்று மாதங்களில் மாதம் 40 மணி கூடுதலாக உழைக்கிறார். மாதத்திற்கு 6,000 ரூபாய் வீதம் 18,000. வேறு ஐந்து மாதங்களில் மாதம் 16 மணி. 2,400 வீதம் 12,000. எஞ்சிய நான்கு மாதங்களில் கூடுதல் வேலை இல்லை. ஆண்டிற்கு மொத்தம் 30,000 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 2,500. அவருடைய மெய்யான சராசரி வருமானம் 18,100 ரூபாய் ஆகிறது.

குழந்தைக்கு வருமானத்தில் நான்கில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். இது கணக்கு விளங்குவதற்காகக் கூறுவதேயன்றிச் சட்டம் விதித்த அளவு அன்று. பிடித்தங்களையும் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. தந்தை சொல்கிறபடி அடிப்படைச் சம்பளத்தை மட்டும் பார்த்தால் மாதம் 3,900 ரூபாய். தாய் காட்டும் பண்டிகை மாதத்தின் 21,600-ஐப் பார்த்தால் 5,400 ரூபாய். சராசரியைப் பார்த்தால் 4,525 ரூபாய்.

முதற் கணக்கினால் குழந்தை ஆண்டிற்கு 7,500 ரூபாயை இழக்கிறது. ஜூன் மாதத்தில் பள்ளிக் கட்டணமும் சீருடையும் புத்தகமும் வாங்கும் தாய்க்கு அத்தொகையின் அருமை தெரியும். இரண்டாம் கணக்கினால் தந்தைமீது ஆண்டிற்கு 10,500 ரூபாய் மிகையாக ஏறுகிறது. கூடுதல் வேலை இல்லாத மாதங்களில் அவர் கடன் வாங்கிக் கட்டுவார். இரண்டு மூன்று தவணை தவறியதும் கட்டுவதையே நிறுத்திவிடுவார். முடிவில் அதன் நஷ்டமும் குழந்தைக்கே.

வேறொரு வழியும் உண்டு. அடிப்படைச் சம்பளத்தின்மீது 3,900 ரூபாயை ஒவ்வொரு மாதமும் தவறாமல் கொடுப்பது; கூடுதல் நேர ஊதியம் வந்த மாதத்தில் அதில் நான்கில் ஒரு பங்கை மறுமாதம் சேர்த்துக் கொடுப்பது. 3,900-ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 46,800. அத்துடன் 7,500-ஐக் கூட்டினால் 54,300. சராசரியாகிய 4,525-ஐப் பன்னிரண்டால் பெருக்கினாலும் அதே 54,300 தான். சீட்டை மறைக்காமல் காட்டும் மனம் இருந்தால் இரண்டாம் வழி எளிது. அந்நம்பிக்கை இல்லாத இடத்தில் சராசரியே பாதுகாப்பானது.

வாடிக்கையும் விதிவிலக்கும்

கூடுதல் நேரம் ஆண்டுதோறும் வாடிக்கையாக வருகிறதா, ஒருமுறை வந்து போனதா என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. மூன்று ஆண்டுகளாக ஒழுங்காக வந்துகொண்டிருக்கும் தொகையைத் 'தற்செயலானது' என்று ஒதுக்குவது பொருந்தாது. ஏதோ ஓர் அவசர ஏற்றுமதிக்காக ஒரு மாதம் மட்டும் கிடைத்ததை நிரந்தர வருமானம் என்று எழுதுவதும் பொருந்தாது.

வழக்கு வந்தவுடன் கூடுதல் வேலையை நிறுத்திவிட்டால் தொகை குறையும் என்று எண்ணுவோர் சிலர் உளர். கையில் வரும் பணத்தை மட்டுமல்லாமல், ஒருவருடைய சம்பாதிக்கும் சக்தியையும் நீதிமன்றங்கள் கவனிக்கின்றன. மனு வந்த மாதத்தில் திடீரென்று நின்ற ஓவர்டைம் எளிதில் சந்தேகத்திற்கு உள்ளாகும். ஆயினும், உடல்நலம் குன்றியோ ஆலையே கூடுதல் நேரத்தை நிறுத்தியோ வருமானம் குறைந்தால் அது நேர்மையான காரணம். இரவும் பகலும் உழைத்தாக வேண்டும் என்று ஒரு மனிதரை வாழ்நாள் முழுவதும் கட்டிவைப்பது சட்டத்தின் நோக்கமன்று. நிலைமை மாறினால் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ புதிய சட்டத்தின் 146-ஆம் பிரிவின்கீழ் மனுச் செய்யலாம். செய்யத் தகாதது ஒன்று உண்டு: உத்தரவு மாறும் முன்னரே தாமாகத் தொகையைக் குறைத்துக் கொடுப்பது. அது பாக்கியாகவே நிற்கும்.

மறைத்தலும் வெளிப்படுத்தலும்

ரஜ்னேஷ் எதிர் நேஹா என்னும் வழக்கில் 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு முக்கியமானது. ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பினரும் தத்தம் வருமானம், சொத்து, கடன் அனைத்தையும் பிரமாணப் பத்திரத்தில் வெளிப்படுத்த வேண்டும் என்றும், மனுச் செய்த நாளிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிடப்பட வேண்டும் என்றும் அத்தீர்ப்புக் கூறுகிறது. பொய்ப் பிரமாணம் செய்வோர் தனி நடவடிக்கைக்கு ஆளாவர்.

இங்கே அறிய வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வருங்கால வைப்பு நிதிக்குப் பிடிக்கும் சந்தாவில் கூடுதல் நேர ஊதியம் பொதுவாகச் சேர்வதில்லை. ஆகவே வைப்பு நிதிக் கணக்கை மட்டும் பார்த்தால் ஒருவருடைய வருமானம் குறைவாகவே தோன்றும். மாதச் சம்பளச் சீட்டுகள் பன்னிரண்டையும், வங்கிக் கணக்கில் வரவான தொகையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தல் வேண்டும்.

பிடித்தங்கள் குறித்தும் ஒரு சொல். வருமான வரி போன்ற கட்டாயப் பிடித்தங்களை நீக்கி வருமானத்தைக் கணக்கிடுவது வழக்கம். ஆனால் தாமாக விரும்பிப் போட்ட சேமிப்பையோ, மனை வாங்க எடுத்த கடனின் தவணையையோ காட்டிக் குழந்தையின் பங்கைக் குறைக்க முயல்வதை நீதிமன்றங்கள் எளிதில் ஏற்பதில்லை. சங்கத்தில் கடன் பெற்றுள்ள அங்கத்தினர்கள் இதைக் குறித்துக்கொள்க.

தறிக்கும் நிலத்திற்கும் இதே நியாயம்

வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்பவருக்கு ஓவர்டைம் என்ற சொல் இல்லை. எனினும், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னால் பாவு அதிகம் ஓடுகிறது. மழைக்காலத்தில் ஈரத்தால் தறி நின்றுவிடுகிறது. அவருடைய வருமானமும் ஏறி இறங்குவதே. எனவே அவருக்கும் ஓராண்டுக் கூலிச் சராசரியே சரியான அளவு. சங்கத்தின் கூலிப் பதிவேட்டிலிருந்து பன்னிரண்டு மாதக் கணக்கை எழுதி வாங்கினால் அது தக்க சான்றாகும்.

விவசாயிக்கு அறுவடை மாதத்தில் பணம் வரும். மற்ற மாதங்களில் செலவுதான். மேற்கூறிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, விவசாயம் செய்வோருக்கெனத் தனிப் பிரமாணப் பத்திர மாதிரி ஒன்றை வகுத்திருக்கிறது. நிலத்தின் அளவு, நன்செய் புன்செய் விவரம், விளையும் பயிர், கால்நடை, கடன், கடந்த மூன்று ஆண்டுகளின் வருமானம் முதலியன அதில் கேட்கப்படுகின்றன. ஒரு நல்ல விளைச்சலையோ ஒரு வறட்சியையோ மட்டும் வைத்து முடிவு செய்யலாகாது என்பதை இதனால் உணரலாம்.

அங்கத்தினர் செய்யத் தக்கவை

பெற்றோர் தமக்குள் இணங்கி முடிவு செய்வதே செலவு குறைந்த வழி. அவ்வாறு செய்வோர் நான்கு விஷயங்களை எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: மாதந்தோறும் தவறாது கொடுக்கும் தொகை, கூடுதல் நேர ஊதியத்தில் எத்தனை பங்கு, எந்தத் தேதிக்குள் சம்பளச் சீட்டைக் காட்டுவது, ஆண்டிற்கு ஒருமுறை எந்த மாதத்தில் தொகையைத் திருப்பிப் பார்ப்பது. பணத்தைக் கையில் கொடாமல் வங்கி வழியாகவே அனுப்புக. "கொடுத்தேன்", "வரவில்லை" என்ற வழக்கிற்கு அப்போது இடமிராது. ஆனால், குழந்தைக்கு ஒன்றும் வேண்டாம் என்று தாய் எழுதிக் கொடுத்தாலும் குழந்தையின் உரிமை அதனால் அற்றுப்போவதில்லை என்பதை நினைவிற் கொள்க.

இணக்கம் ஏற்படாவிடில் குடும்ப நீதிமன்றத்தையும், அஃதில்லாத இடத்தில் மாஜிஸ்டிரேட் நீதிமன்றத்தையும் நாடலாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக் குழுச் சட்டத்தின்படி பெண்களும் குழந்தைகளும் ஆலைத் தொழிலாளரும் இலவசச் சட்ட உதவி பெறலாம். 15100 என்ற தொலைபேசி எண்ணில் விவரம் கிடைக்கும். உத்தரவிட்ட தொகை வராது போனால், அது கொடுபடவேண்டிய நாளிலிருந்து ஓராண்டிற்குள் வசூலுக்கு மனுச் செய்தல் வேண்டும். தக்க காரணமின்றிக் கொடாதவர், பாக்கி நிற்கும் ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை சிறைக்கு உள்ளாகலாம்.

கூடுதல் நேரம் உழைக்கும் தந்தையின் களைப்பு உண்மையானது. தனியே குழந்தையை வளர்க்கும் தாயின் உழைப்புக்கோ வேலை நேரம் என்ற வரம்பே இல்லை. அதற்கு இரட்டிப்பு ஊதியம் கொடுப்பாரும் இல்லை. கணவன் மனைவி என்ற உறவு முறியலாம். தந்தை, தாய் என்ற உறவு முறிவதில்லை. ஆண்டுக் கணக்கை நேர்மையாக எழுதி, அதன் நடுவில் நிற்கும் தொகையை மாதந்தோறும் தவறாமல் கொடுத்துவந்தால், குழந்தை படிப்பை விடாது. பெற்றோரும் நீதிமன்ற வாசலில் வேலை நாட்களை இழக்க வேண்டியிராது.