அசதிக்கு டானிக் போதுமா?

சிறிது தூரம் நடந்தாலே மூச்சு வாங்குகிறதா? தலை சுற்றுகிறதா? எப்போதும் அசதியா? உடனே ஒரு பாட்டில் டானிக் வாங்குகிறோம்.

உடலுக்குப் பலம் தரும் மருந்தை எல்லா நாட்டிலும் தேடுகிறார்கள். சீனாவில் ஜின்செங் வேரைக் காய்ச்சிக் குடிப்பார்கள். நம் சித்த மருத்துவத்தில் அமுக்கராச் சூரணம் உண்டு. ஆனால் அசதி ஒரு நோய் அல்ல. அது நோயின் அடையாளம். காரணம் என்ன என்று பார்க்க வேண்டும்.

பெண்களுக்கு இரத்தசோகை ஒரு முக்கியக் காரணம். 2019-21இல் அரசு கணக்கெடுத்தது. 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 57 பேருக்கு இரத்தசோகை இருந்தது.

இரத்தசோகை ஏன் வருகிறது? உணவில் இரும்புச்சத்து குறைவதால் வரும். மாதவிலக்கில் அதிக இரத்தம் போவதால் வரும். கொக்கிப்புழுவாலும் வரும். இந்தப் புழு ஈர மண்ணில் இருக்கும். வெறுங்கால் வழியாக உடலுக்குள் ஏறும். குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தைக் குடிக்கும். ஹேவ்லாக் தீவில் நாம் வயலிலும் தோப்பிலும் வேலை செய்கிறோம். செருப்புப் போடுவோம். கழிப்பறையைப் பயன்படுத்துவோம்.

அரசு ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்துப் பாருங்கள். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையக் கூடாது. கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் குறையக் கூடாது.

இரும்புச்சத்து மாத்திரை அங்கே இலவசம். சாப்பாட்டுக்குப் பின் விழுங்குங்கள். கூடவே தேநீர் குடிக்காதீர்கள். அது சத்தைச் சேரவிடாது. மலம் கறுப்பாகப் போகும். பயப்பட வேண்டாம். பாதியில் நிறுத்தவும் வேண்டாம்.

கீரை, பயறு, மீன் சாப்பிடுங்கள். எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும்.

காசநோய், சர்க்கரை நோய் இருந்தாலும் அசதி வரும். டானிக்கை நம்பி நாளைக் கடத்தினால் நோய் முற்றும். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் எந்தச் சூரணமும் சாப்பிடக் கூடாது.

முதலில் சோதனை. பிறகு மருந்து.