தண்ணீரின் பிறை

நம் பாடசாலை விஞ்ஞானத்தில் 'பிறையுரு' என்றொரு சொல் உண்டு. கண்ணாடிக் குழாயில் ஊற்றிய தண்ணீர் நடுவில் தாழ்ந்து ஓரங்களில் உயர்ந்து நிற்குமே, அந்த வளைவின் பெயர் அது. இதற்கான கிரேக்க மூலச்சொல்லின் பொருளும் சின்னப் பிறைதான். தமிழ் படிப்பிக்கிற எனக்கு, கலைச்சொல் ஆக்கியவர்கள் மேல் மரியாதை வருவது இப்படியான இடங்களில்தான். ஆனால் பெயரை மனனம் செய்த பிள்ளைகளிடம், "தண்ணி ஏன் மட்டமா நிக்குதில்ல?" என்று கேட்டுப் பாருங்கள், முழிப்பார்கள்.

காரணம் இரண்டு இழுப்புகள். தண்ணீர் மூலக்கூறில் ஒட்சிசன் பக்கம் சற்று மறையேற்றம், ஐதரசன் பக்கம் சற்று நேரேற்றம். அதனால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. இது பிணைவு விசை. கண்ணாடிச் சுவரும் தண்ணீரைப் பிடிக்கிறது. இது ஒட்டல் விசை. சுத்தமான கண்ணாடியில் சுவரின் பிடி பலமானது, ஓரத்துத் தண்ணீர் மேலே ஏறுகிறது. இரசமோ தன் இனத்தையே இறுகப் பிடிக்கும்; நடுவில் குவிந்து ஓரத்தில் சரியும், கவிழ்த்த பிறை.

குழாய் ஒடுங்க ஒடுங்க ஏற்றம் கூடும். 1 மில்லிமீற்றர் விட்டமுள்ள கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் ஏறும். விட்டம் பாதியானால் உயரம் இரண்டு மடங்கு. லாம்புத் திரியில் மண்ணெண்ணெய் ஏறுவதும் இதே வழியில்தான்.

விளிம்புவரை நிறைந்த கிளாசில் காசுகளை மெதுமெதுவாக இறக்கிப் பாருங்கள். தண்ணீர் விளிம்புக்கு மேலே குவிந்து நிற்கும், சிந்தாது. மூலக்கூறுகளின் கைகோப்பு அது. சவர்க்காரத் தண்ணி ஒரு சொட்டு விட்டால் பிடி தளர்ந்து வழிந்துவிடும். தேத்தண்ணியைக் கேத்தலிலிருந்து ஆறுதலாக ஊற்றினால் மூக்கின் அடியால் ஒழுகி மேசைச் சீலை நனைவதில் ஒட்டலுக்கும் பங்குண்டு. பழி என்னமோ ஊற்றியவருக்குத்தான்!

இதெல்லாம் ஆய்வுகூட விஷயம் என்று விட்டுவிட ஏலாது. காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் பாணி மருந்து 5 மில்லிலீற்றர் அளக்கிற உம்மாவுக்கும் இது வேண்டும். அளவுக் கோப்பையைக் கையில் தூக்கி மேலிருந்து பார்த்தால் கோடு பிசகும். சமமான இடத்தில் வைத்து, கண்ணைக் கோட்டின் மட்டத்துக்கு இறக்கி, பிறையின் அடியைப் பார்க்க வேண்டும். ஏறி நிற்கும் ஓரத்தைப் பார்த்து அளந்தால் மருந்து குறையும். பிளாஸ்ரிக் தண்ணீரை அவ்வளவாக இழுக்காததால் அதில் வளைவு சிறிது. கண்ணாடியில் நன்றாகத் தெரியும். கைக்குழந்தைக்கென்றால் ஊசியில்லாத சிரின்ஜ் நல்லது. அது ஒடுக்கமானதால் அரை மில்லிலீற்றர் கூடக் கோடுகளுக்கிடையே தெளிவாகத் தெரியும்.