பூட்டுக்கு ஏன் வைஃபை வேண்டாம்

கார்ட் காட்டித் திறக்கும் அறைப்பூட்டின் உட்பக்க மூடியைக் கழற்றினால் நான்கு பென்டோர்ச் பற்றரிகள், நகத்தளவு மோட்டர் ஒன்று, சுருளாக ஓடும் ஒரு செப்புக் கம்பி, பெரும்பாலும் இவ்வளவுதான் கண்ணில் படும். வெளியே இருந்து ஒரு வயரும் வருவதில்லை. விருந்தினரின் கையில் இருக்கும் கார்டிலோ பற்றரியே கிடையாது. கார்டைப் பூட்டுக்கு அருகே கொண்டுபோனதும் அந்தச் சுருள் 13.56 மெகாஹேர்ட்ஸில் ஒரு சிறு மின்காந்தப் புலத்தை எழுப்புகிறது. கார்டுக்குள் இருக்கும் சிப் அந்தப் புலத்திலிருந்தே உயிர்பெற்று, தன்னிடம் எழுதப்பட்டதைச் சொல்கிறது. எந்த அறை, எந்தத் தேதிவரை என்பதைப் பூட்டு தன் மணிக்கூட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து மோட்டரைச் சுழற்றும். ரிசப்ஷனில் கணினி நின்றிருந்தாலும், இன்டர்நெட் அறுந்திருந்தாலும், ஊரே இருட்டில் கிடந்தாலும் கதவு திறக்கும்.

இதுவும் கம்பியில்லாத் தொடர்புதான், அதுவும் சில சென்ரிமீற்றர் மட்டுமே போகக்கூடியது. ஹோட்டல்களில் மிக நம்பகமாக வேலைசெய்துவரும் கம்பியில்லாத் தொழில்நுட்பம், தூரத்தில் மிகக் குறைந்ததாக இருப்பது தற்செயல் அல்ல.

கல்முனையிலிருந்து பொத்துவில் வரை ஏ4 வீதியோரமாகப் போனால், கம்பி நீட்டியபடி நிற்கும் மேல்மாடிகள் ஒவ்வொன்றாக அறைகளாகிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். அறுகம்பையில் அலைச்சறுக்குப் பருவம் மே மாதம் தொடங்கி செப்டெம்பர், ஒக்டோபர் வரை நீள்கிறது. பாலமுனை போன்ற ஊர்களில் கல்யாணத்துக்கு வருவோருக்கும் வெளிநாட்டிலிருந்து லீவில் வரும் குடும்பங்களுக்கும் ரூம் கட்டுகிறவர்கள் உண்டு. சாமான் விற்க வருகிறவர் எல்லோரும் சொல்வது ஒன்றேதான்: "எல்லாம் வைஃபைல ஓடும் காக்கா." என் கணக்கில், அந்தச் சொல்லைக் கேட்டதும் சந்தோசப்படுவதை விடச் சற்றே சந்தேகப்படுவது நல்லது.

வைஃபை நிறையப் பேசுவதற்காகப் பிறந்தது. கணினிகளைக் கம்பியில்லாமல் வலையமைப்பில் இணைப்பதே 1997இல் அதன் முதல் தரம் வந்தபோது இருந்த நோக்கம். ஆனால் கதவில் ஒட்டும் சென்சருக்குச் சொல்ல இருப்பது இரண்டே செய்திகள், திறந்தது, மூடியது. அதற்கு வைஃபை கொடுத்தால், ஒவ்வொரு முறையும் ரவுட்டரைத் தேடி, தன்னை அடையாளம் காட்டி, முகவரி வாங்கிய பிறகே அந்த ஒரு சொல்லைச் சொல்ல முடியும். அந்த நேரத்தில் வைஃபை சிப் 200 மில்லிஅம்பியருக்கும் மேல் இழுக்கிறது. சென்சருக்குள் போடும் காசு வடிவப் பற்றரி சில மில்லிஅம்பியர் கொடுப்பதற்கென்றே செய்யப்பட்டது. அதன் மொத்தக் கொள்ளளவே ஏறத்தாழ 220 மில்லிஅம்பியர் மணிதான்.

இந்த இடத்துக்குத்தான் சிக்பீ என்ற கம்பியில்லாத் தொடர்பு வருகிறது. 2003இல் வெளியான 802.15.4 என்ற வானொலித் தரத்தின் மேல் கட்டப்பட்டது. வேகம் வினாடிக்கு 250 கிலோபிட். வைஃபையோடு வைத்துப் பார்த்தால் நத்தை. ஒரு பொட்டலத்தில் அதிகபட்சம் 127 பைட் மட்டுமே போகும். ஆனால் சென்சர் நாள் முழுவதும் தூங்கிக் கிடந்து, கதவு அசைந்தால் மட்டும் கண்விழித்து, ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிடும். அதே காசுப் பற்றரி ஒன்றிரண்டு வருடம் நிற்கும். இருபது அறை வைத்திருப்பவருக்கு, மாதாமாதம் ஏணியோடு அலையாமல் இருப்பதே பெரிய இலாபம்.

சிக்பீயின் இன்னொரு குணம், கரண்டில் ஓடும் ஒவ்வொரு கருவியும் மற்றதன் செய்தியை வாங்கிக் கடத்தும். தட்டுப் போடும் நாளில் கலவைச் சட்டி கைமாறி மேலே போவது போல, கடைசி அறைச் செய்தி நடு அறை பிளக், கொரிடோர் லைட் என்று தாண்டி ரிசப்ஷனில் இருக்கும் மையக் கருவிக்கு வந்து சேரும். ஹோட்டல்களில் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். அறை வாசலில் கார்ட் செருகினால் மட்டும் கரண்ட் வரும் சுவிட்ச் இருக்கிறதே, விருந்தினர் கார்டை உருவிக்கொண்டு வெளியே போனதும் அந்த அறையின் பிளக்கும் பல்ப்பும் செத்துவிடும். அவற்றை நம்பி இருந்த பக்கத்து அறைச் சென்சர்கள் அநாதையாகும். பகலில் எல்லோரும் கடலுக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து அமைப்பு முழுக்கக் குழம்பும். இரவில் எல்லாம் சரியாகிவிடுவதால் திருத்த வந்தவருக்குக் கோளாறு கண்ணிலும் படாது. பரிகாரம் சுலபம்: கடத்தும் கருவிகளைக் கொரிடோரில், அந்தச் சுவிட்சுக்குக் கட்டுப்படாத லைனில் வைக்க வேண்டும். இதைச் சொல்லாமல் விற்பவரிடம் வாங்காதீர்கள்.

வானலையும் ஒரு சிக்கல். வைஃபை, புளூடூத், சிக்பீ மூன்றும் 2.4 கிகாஹேர்ட்ஸ் பட்டையில், 83.5 மெகாஹேர்ட்ஸ் அகலத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கின்றன. சமையலறை மைக்ரோவேவும் அதே பட்டையில்தான் கசியும். வைஃபையில் ஒன்றையொன்று மிதிக்காத சனல்கள் 1, 6, 11 என்று மூன்றே. அவற்றின் இடைவெளிகளில் சிக்பீயின் 15, 20, 25ஆம் சனல்கள் விழுகின்றன. ரவுட்டரைத் தானாகச் சனல் மாற்ற விடாமல் இந்த மூன்றில் ஒன்றில் கட்டிப்போட்டு, சிக்பீயை இடைவெளியில் வைத்தால் பாதித் தலைவலி போய்விடும். ஐந்து நிமிட வேலை, ஆனாலும் செய்பவர்கள் குறைவு.

சுவரைப் பற்றி இரண்டு வார்த்தை. கிடுகு வேய்ந்த கபானாவுக்குள் 2.4 கிகாஹேர்ட்ஸ் தாராளமாகப் புகும். கம்பி போட்ட கொங்கிரீட், குளியலறைக் கண்ணாடி, கூரைத் தகட்டின் கீழ் வெயிலுக்கு அடிக்கும் அலுமினிய வெள்ளித்தாள், தண்ணீர்த் தாங்கி எல்லாம் அதைத் தின்றுவிடும். வைஃபையின் 5 கிகாஹேர்ட்ஸ் பட்டை வேகமானது, ஆனால் சுவரில் இன்னும் சீக்கிரம் களைக்கும். தோட்டத்துக் கடைசியில் இருக்கும் கிணற்று மோட்டரையும் தாங்கியின் மட்டத்தையும் பார்க்க இவை எதுவும் சரிவராது. லோரா என்ற மெதுவான, நீண்ட தூர வானொலி அங்கே பொருந்தும். கேமராவுக்கும் டீவிக்கும் முடிந்தவரை வயரே போடுங்கள். சுவர் பூசும் முன்னரே ஒரு குழாய் பதித்துவிட்டால் செலவு ஒன்றுமில்லை.

ஏசிக்காக மட்டும் ஸ்மார்ட் அமைப்புத் தேடுகிறவர்கள் நிறையப் பேர். ஆள் இல்லாத அறையில் ஏசி ஓடினால் பில் வரும்போது தெரியும். அதற்கு அசைவுச் சென்சர் வைப்பார்கள். உடற்சூடு நகர்வதைத்தான் அது உணரும். அசையாமல் தூங்குகிறவர் அதன் கண்ணில் ஆளே இல்லை. நடுச்சாமத்தில் ஏசி நின்று, வியர்த்து எழும்பி ரிசப்ஷனுக்கு வரும் விருந்தினரின் முகத்தை எந்த முதலாளியும் மறக்கமாட்டார். கதவுச் சென்சரையும் சேர்த்துக்கொண்டால் கணக்கு மாறும்: கதவு மூடிய பிறகு ஒருமுறை அசைவு தெரிந்தால் ஆள் உள்ளே இருக்கிறார், கதவு மறுபடி திறக்கும்வரை அந்த முடிவு மாறக்கூடாது. ஏசிக்கு உத்தரவு போவது பெரும்பாலும் ரிமோட்டின் அகச்சிவப்பு ஒளியில். அது சுவரைத் தாண்டாது. ஒவ்வொரு அறையிலும் ஏசியைப் பார்த்தபடி ஒரு சிறு கருவி இருக்க வேண்டும்.

பாதுகாப்பு விசயத்தில் சீனாவின் ஷென்சென் நகரத்துச் சம்பவம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அங்குள்ள செயின்ட் ரெஜிஸ் ஹோட்டலில் அறைக்கு ஒரு ஐபேட் கொடுத்து, லைட், திரைச்சீலை, டீவி எல்லாவற்றையும் அதிலேயே இயக்க விட்டிருந்தார்கள். ஜீசஸ் மொலினா என்ற பாதுகாப்பு ஆய்வாளர் அங்கே தங்கியபோது, ஐபேட்டும் விருந்தினரின் வைஃபையும் ஒரே வலையமைப்பில் இருப்பதைக் கண்டார். கட்டளைகள் கேஎன்எக்ஸ் என்ற மொழியில் போய்க்கொண்டிருந்தன. அனுப்புவது யார் என்று கேட்கும் வழக்கமே அப்போது அதில் இல்லை. அறைகளின் முகவரி ஒழுங்கைப் புரிந்துகொண்டதும், 200க்கு மேற்பட்ட அறைகளின் லைட்டைத் தன் மடிக்கணினியிலிருந்தே இயக்கலாம் என்று தெரிந்தது. ஹோட்டலுக்கு அறிவித்துவிட்டு, 2014இல் லாஸ் வேகாஸின் பிளாக் ஹெட் மாநாட்டில் அதை விளக்கினார். நூறு மாடிக் கட்டடத்தில் நடந்தது பத்து அறை கெஸ்ட்ஹவுஸில் இன்னும் சுலபமாக நடக்கும். விருந்தினருக்கு ஒரு வைஃபை, கருவிகளுக்கு வேறொன்று. சாதாரண ரவுட்டரிலேயே இப்போது இதைப் பிரிக்க முடியும்.

ஒஸ்ரியாவின் மலைப்பகுதி ஹோட்டலான யேகர்விர்ட்டின் கணினிகளைத் திருடர்கள் முடக்கிப் பிணைப்பணம் கேட்டார்கள். ஹோட்டல் ஏறத்தாழ 1,500 யூரோ பெறுமதியான பிட்கொயின் கொடுத்தது. விருந்தினர்கள் அறைக்குள் பூட்டப்பட்டார்கள் என்று 2017 தொடக்கத்தில் உலகெங்கும் செய்தி ஓடியது. உண்மையில் நின்றது புதிய கார்ட் எழுதும் கணினிதான். பூட்டுகள் தனித்து இயங்கியது எவ்வளவு பெரிய உதவி என்று பாருங்கள். அதற்காகக் கார்டெல்லாம் பத்திரம் என்றும் நினைக்க வேண்டாம். மைஃபேர் கிளாசிக் என்ற பழைய கார்டின் இரகசியக் குறியீட்டை 2008இலேயே உடைத்துவிட்டார்கள். பூட்டு வாங்கும்போது அதற்குப் பிந்திய வகைக் கார்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நமது நாட்டில் திருடனை விட மின்வெட்டே அடிக்கடி வரும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் கரண்ட் இல்லாமல் இருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் தேதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதையும் இருட்டாக்கியதாக அமைச்சரே சொன்னார். மலிவான பல வைஃபை பிளக்குகள் வெளிநாட்டுச் சேவர் ஒன்றுக்குப் போய் வந்தே வேலைசெய்பவை. சுவிட்சுக்கும் லைட்டுக்கும் இடையே இரண்டு மீற்றர்தான், கட்டளை மட்டும் கடல் தாண்டிப் போய்வரும். சேவர் வைத்திருக்கும் கொம்பனி மூடினால் கருவியும் முடிந்தது. 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் இன்ஸ்டியன் நிறுவனம் சொல்லாமல் கொள்ளாமல் சேவரை நிறுத்தியபோது வாடிக்கையாளர்களால் கைபேசிச் செயலி வழியாகக் கருவிகளை இயக்க முடியாமல் போனது. கட்டளை கட்டடத்துக்குள்ளேயே முடியும் அமைப்பைக் கேட்டு வாங்குங்கள். ரவுட்டருக்கும் மையக் கருவிக்கும் ஒரு சிறு யூபிஎஸ் போதும்.

2022 ஒக்டோபரில் வந்த மேட்டர் என்ற பொதுமொழியின் முத்திரை பெட்டியில் இருந்தால் நல்லதே. ஆனால் அது மொழி மட்டும், வானொலி அல்ல. அதே முத்திரையோடு வைஃபை கருவியும் உண்டு, சிக்பீயின் அதே 802.15.4 வானொலியில் ஓடும் த்ரெட் கருவியும் உண்டு. பற்றரியில் ஓடுவதென்றால் த்ரெட் எடுங்கள். சீ-வேவ் என்ற வகைக்கு ஐரோப்பாவில் 868, அமெரிக்காவில் 908 மெகாஹேர்ட்ஸ் என்று நாட்டுக்கு நாடு அலைவரிசை மாறும். வெளிநாட்டிலிருந்து சூட்கேசில் வரும் சாமானை மாட்டும் முன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியுள்ள வகையா என்று பார்க்க வேண்டும்.

இந்தத் தரங்களில் எதுவுமே உப்புக்காற்றைப் பற்றிப் பேசுவதில்லை. கடற்கரைப் பக்கம் பூட்டின் பற்றரி ஸ்பிரிங்கில் பச்சைக் களிம்பு பிடிக்கும், பற்றரி புதிதாக இருந்தாலும் பூட்டு எழும்பாது. ஆகவே முதலில் ஒரே ஒரு அறைக்கு, கடலைப் பார்த்த அறைக்கு, வாங்கி மாட்டி ஒரு பருவம் விட்டுப் பாருங்கள். வாங்கும்போதே, பற்றரி செத்தால் வெளியே இருந்து கரண்ட் கொடுக்க ஒரு முனை இருக்கிறதா, மூடிக்குக் கீழே இரும்புச் சாவிக்குத் துளை இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சாவியை அறைக்குள்ளே வைத்துப் பூட்டிவிடவும் வேண்டாம்.