கோட்டை பார்த்தாச்சு... பொம்மை வாங்கப் போறீங்களா?

"அப்பா, அது வேணும்!"

செஞ்சிக்குக் குடும்பத்தோடு வருகிறவர்களிடம் நான் அதிகம் கேட்கிற குரல் இதுதான். ராஜகிரி எத்தனை அடி, தேசிங்குராஜன் இறந்தது எந்த வருஷம் என்பதெல்லாம் பிள்ளைகளுக்கு இரண்டாம்பட்சம். (பெரியவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்: சுமார் 800 அடி; 1714.) மலையேறி இறங்கி, கல்யாண மகாலைச் சுற்றிவிட்டு வெளியே வந்தால் அவர்கள் கண் தேடுவது கடையைத்தான்!

2025 ஜூலையில் மராட்டியர் காலத்து 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் பதினொன்று மகாராஷ்டிரத்தில். மிச்சம் ஒன்று எங்கள் செஞ்சி. கூட்டம் வந்தால் கடை வரும். கடை வந்தால் பொம்மை வரும். அமாவாசை என்றால் கேட்கவே வேண்டாம். கோட்டையைப் பார்த்த கையோடு இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மேல்மலையனூர் அங்காளம்மனையும் சேவித்துவிட்டுப் போவார்கள். அங்கே வளையல், குங்குமம், பலூன், பொம்மை என்று வரிசையாகக் கடைகள்.

'வைத்தியருக்குக் கடைத்தெருவில் என்ன வேலை?' என்கிறீர்களா? இருக்கிறது.

மஞ்சள் கிளி

என் மகனுக்கு அப்போது ஒன்றரை வயது. ஒரு திருவிழாக் கடையில் மரத்தாலான கிளி ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். பளீரென்ற மஞ்சள் உடம்பு, சிவப்பு மூக்கு. பல் முளைக்கிற வயசு. கிளியின் தலை எப்போதும் அவன் வாயில்தான். மறுநாள் சாயந்திரம் என் மாமியார் பேரனின் வாயைத் துடைத்தவர், முந்தானையை என்னிடம் நீட்டினார். மஞ்சள் கறை!

"என்ன மாப்ளே, நீங்க வைத்தியம் படிச்சவரு. இதையா புள்ள வாயில குடுக்குறது?"

"மரம்தானே அத்தே" என்றேன். "மரம் சரி, மேல பூசினது என்ன?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கிளி குப்பைக்குப் போயிற்று. அந்தக் கேள்வி மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது.

மேலே பூசினது என்ன? மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு நிறங்கள் பளிச்சென்று தெரிய வேண்டும், சீக்கிரம் காய வேண்டும், வெளுக்கக் கூடாது என்பதற்காகப் பெயின்டில் ஈயக் கலவைகளைச் சேர்க்கிற வழக்கம் நெடுநாளாக உண்டு. நம் நாட்டில் 2017 நவம்பர் முதல், வீட்டுப் பெயின்டில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்று விதி அமலில் இருக்கிறது. அதற்கு முந்தைய பொம்மைகள் பல வீடுகளின் பரணில் இன்னும் இருக்கின்றன. கடைத்தெருவில் தொங்குகிற பொம்மைக்கு எந்த டப்பாவிலிருந்து எடுத்துப் பூசினார்கள் என்று யார் கண்டது?

எங்கள் சித்த மருத்துவத்திலும் உலோகங்கள் உண்டு. சுத்தி செய்து, புடம் போட்டு, அளவும் பத்தியமும் சொல்லித்தான் தொடுவோம். குழந்தை என்றால் பத்து தடவை யோசிப்போம். பொம்மைச் சாயத்துக்கு யார் சுத்தி செய்தார்கள்?

வயிற்றுக்குள் போகிற ஈயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு கூடுதலாகச் சிறு குழந்தையின் உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைவான பிள்ளை என்றால் இன்னும் மோசம். உடனே வாந்தி, பேதி என்று காட்டாது. மெல்ல மெல்லப் படிப்பிலும் கவனத்திலும் கை வைக்கும். இந்த அளவு வரை பயமில்லை என்று சொல்ல ஈயத்துக்கு ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இது நம் ஊர்ச் சங்கதி மட்டுமல்ல. மெக்சிகோவுக்கு உல்லாசப் பயணம் போகிறவர்கள் ஆசையாக வாங்கி வரும் மெருகு பூசிய மண்பாத்திரங்கள் சிலவற்றில் ஈயம் உண்டு. புளிப்பு பட்டால் கரைந்து சாப்பாட்டில் இறங்கிவிடும். 2006-ல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் 4 வயதுக் குழந்தை, ஈயத்தாலான ஒரு சின்னப் பதக்கத்தை விழுங்கி இறந்தே போனது. மலிவு விலைச் சங்கிலி, மோதிரம், சாவிக்கொத்து எல்லாம் வாய்க்குள் போகக்கூடிய சாமான்கள்தான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அப்ப என்னதான் வாங்குறது?

நிறைய இருக்கிறது! பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்த நாட்களில், மூலிகை பார்க்கப் பாபநாசம் மலைப்பக்கம் போவோம். வழியில் அம்பாசமுத்திரம். சொப்புச் சாமானுக்குப் பேர் போன ஊர். அடுப்பு, குடம், இட்லிப் பானை, அம்மி, உரல் என்று ஒரு சமையலறையே ஓலைப் பெட்டிக்குள் அடங்கிவிடும். ஊருக்குப் போகும்போதெல்லாம் தங்கை பிள்ளைகளுக்கு ஒரு பெட்டி வாங்கிப் போவேன்.

கர்நாடகத்துச் சென்னப்பட்டணம் பொம்மைகளும் இதே ஜாதி. சுழலுகிற மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராய்கிற சூட்டில் அரக்கு உருகி மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு தாழை ஓலையால் தேய்த்து மெருகு ஏற்றுவார்கள். அந்தப் பொம்மைகளுக்கென்றே பெயர் பெற்ற மரம் எது தெரியுமா? நம்ம வெட்பாலை! அதன் இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதா நிறமாகும். காளாஞ்சகப்படைக்கு நான் கொடுக்கிற தைலம் அதுதான். அரக்கு மெருகு என்று சொல்லி பெயின்ட் பூசிய சாமானை விற்பவர்களும் உண்டு. ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் வேண்டாம். ஒட்டாவிட்டால் சாயம் உதிரவில்லை என்றுதான் அர்த்தம், ஈயம் இல்லை என்று அர்த்தமில்லை. அதனால் வாயில் வைக்கிற வயசுக் குழந்தைக்குச் சாயமே பூசாத மரம், ஓலை, சுட்ட மண் போதும். புதுச்சேரிப் பக்கம் போகிறவர்கள் வில்லியனூர் சுடுமண் பொம்மைகளைப் பாருங்கள். தஞ்சாவூர்த் தலையாட்டி அலமாரியில் ஆடட்டும், வாய்க்கு வேண்டாம்.

2021 ஜனவரி முதல், 14 வயது வரையான குழந்தைகளின் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கடையில் விற்கிற பிளாஸ்டிக், பாட்டரி பொம்மைக்கு இதைக் கேட்டு வாங்குங்கள். பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு என்பதால், கைவினைப் பொம்மையில் முத்திரை இல்லை என்று அந்தப் பெரியவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். 'என்ன மரம், என்ன சாயம்?' என்று கேளுங்கள். தானே செய்தவர் சந்தோஷமாகச் சொல்வார்.

இரண்டு மணி நேரம்

என்னைப் பயமுறுத்துவது பெயின்டைவிட இன்னொன்று. மினுக்மினுக்கென்று எரியும் மோதிரம், சத்தம் போடும் சாவிக்கொத்து... உள்ளே காசு மாதிரி ஒரு பாட்டரி.

ஒருநாள் மத்தியானம் வெளியூர்த் தம்பதி இரண்டு வயதுப் பெண்ணோடு என் வைத்தியசாலைக்குள் ஓடி வந்தார்கள். "டாக்டரய்யா, தொண்டையில ஏதோ சிக்கிடுச்சு, எச்சில் முழுங்க மாட்டேங்குது!" தாயின் கையில் மூடி திறந்த பொம்மை. பாட்டரியைக் காணோம். நான் மருந்துப் பெட்டியைத் தொடவே இல்லை. "முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போங்க. இப்பவே!" என்று காரில் ஏற்றினேன். எக்ஸ்ரேயில் உணவுக்குழாயில் வட்டமாகத் தெரிந்ததாம். எடுத்துவிட்டார்கள். புண் ஆறப் பல வாரம் ஆயிற்று என்று தகப்பனார் போனில் சொன்னார்.

அங்கேயே மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துபோகும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். சோறு, வாழைப்பழம் திணிக்காதீர்கள். ஒரு வயது தாண்டி, விழுங்கத் தெம்பு இருக்கிற குழந்தை என்றால், போகிற வழியில் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன், ஆறு தடவை வரை கொடுக்கலாம் என்று இன்றைய நிபுணர்களே சொல்கிறார்கள். தேன் தேடி நேரத்தைப் போக்கக் கூடாது. ஸ்க்ரூ போட்டு மூடாத பாட்டரி பொம்மையை வாங்கவே வேண்டாம்.

குங்குமம் பற்றியும் ஒரு வார்த்தை. மஞ்சளில் செய்த குங்குமம் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். கண்ணைப் பறிக்கிற சிவப்புப் பொடிகள் சிலவற்றில் ஈயச் சிந்தூரம் இருப்பதாக அமெரிக்காவில் எச்சரித்திருக்கிறார்கள். கைக்குழந்தையின் நெற்றிக்கு அது வேண்டாமே.

சந்தேகமான பொம்மையைப் பல நாள் கடித்திருக்கிற பிள்ளை என்றால், கீரையும் கேழ்வரகும் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். ரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொல்லிக் குழந்தை டாக்டரைக் கேளுங்கள். 'விஷ முறிவு' என்று யார் சூரணம் கொடுத்தாலும், என் சகபாடியே ஆனாலும், பரிசோதனைக்கு முன்னால் வாங்காதீர்கள்.

ஒரு சின்ன விஷயம். மலையேறுவதற்கு முன் பொம்மை வாங்காதீர்கள். கோட்டையில் குரங்கு அதிகம், கையில் இருப்பதைப் பிடுங்கும். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே தடுப்பூசிக்குப் போக வேண்டும்.

கோடையில் வந்தால் காசு செலவில்லாத பொம்மை ஒன்று உண்டு. நுங்கு தின்று முடித்த இரண்டு கூந்தல், நடுவில் ஒரு குச்சி, தள்ள ஒரு கவைக்கோல். நுங்கு வண்டி தயார்! போன மே மாதம் சென்னைப் பையன் ஒருவன் அதைக் கோட்டை வாசலிலிருந்து தள்ளிக்கொண்டே வந்து, காரில் ஏற்ற அப்பா மறுத்ததும் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். கடைசியில் டிக்கியைத் திறந்தார்கள்.