விடுபட்ட எழுத்துகள்

குலசேகரன்பட்டினத்தை அடுத்த தேரிநிலத்தில் பனைமரங்கள் இன்றும் செறிந்து நிற்கின்றன. அச்சுப்பொறி வருமுன் நம் நூல்கள் பனையோலையிலேயே எழுதப்பெற்றன. ஓலை நெடுநாள் நில்லாது, செல்லரிக்கும், இற்றுப்போகும். ஆதலின் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதுதல் வழக்கமாயிற்று. எழுதுவோன் சிறிது கண்ணயர்ந்தால் ஓர் எழுத்து மாறும். சிலவேளை ஒரு தொடரே விடுபட்டுப்போகும். பின்னர் அவ்வேட்டைப் பார்த்து எழுதிய ஏடுகள் அனைத்திலும் அக்குறை தொடரும். பல ஏடுகளை ஒப்புநோக்கும் பதிப்பாசிரியர், ஒரே இடத்தில் ஒரே குறையுடைய ஏடுகளைக் கண்டால், அவை ஒரு மூல ஏட்டின் வழிவந்தவை எனத் துணிவர்.

மாணவர்களே! நம் உடலினுள்ளும் இத்தகைய ஏடு ஒன்று உண்டு. உயிரணுக்களில் மிக நுண்ணிய இழையாய் அமைந்த டி.என்.ஏ. என்பதே அது. அதன் நெடுங்கணக்கில் எழுத்துகள் நான்கே. தமிழ்மொழிக்கு 247 எழுத்துகள் வேண்டியிருக்க, இயற்கை நான்கினைக் கொண்டே மனிதனை எழுதி முடித்துவிட்டது! ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்ட அவ்வேட்டில், ஒரு புரதத்தை ஆக்கும் முறையைக் கூறும் பகுதியை மரபணு என்பர். பெரும்பாலான மரபணுக்கள் நம்மிடம் இரண்டு படிகளாக உள்ளன. ஒன்று தந்தை தந்தது, மற்றொன்று தாய் தந்தது.

இதயத் தசையில் மையோசின் பிணைப்புப் புரதம் என ஒன்று உண்டு. கட்டுமரத்தின் மரங்களைக் கயிறு இறுகப் பிணைப்பது போல, அது தசையின் இழைகளைப் பிணைத்து, இதயம் சுருங்கி விரிதலை ஒழுங்குபடுத்துகின்றது. இப்புரதத்திற்குரிய மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருத்தலை 2003ஆம் ஆண்டில் இந்தியக் குடும்பங்கள் இரண்டில் ஆராய்ச்சியாளர் கண்டனர். எழுத்துகள் விடுபட்டமையால் செய்தியின் ஒரு பகுதி படிக்கப்படாது தாண்டப்படுகின்றது. புரதத்தின் கடைப்பகுதி திரிந்துவிடுகின்றது. கயிற்றின் முனை முடிச்சு நெகிழ்ந்தது போன்ற நிலை இது.

அக்குறை இரு குடும்பங்களோடு நின்றதா? மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த தண்டபாணி, ஐதராபாத்து உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சார்ந்த குமாரசாமி தங்கராஜ் முதலியோர் இதனைத் தொடர்ந்து ஆராய்ந்தனர். இதயத் தசை நோயுற்றோரும் நலமுடையோருமாக ஏறத்தாழ 1,500 பேரை ஒப்பிட்டு, முடிவை 2009ஆம் ஆண்டில் வெளியிட்டனர். எழுத்துகள் விடுபட்டோர்க்கு நோய் தோன்றும் வாய்ப்பு ஏறத்தாழ ஏழு மடங்கு மிகுந்திருந்தது. இந்தியத் துணைக்கண்டத்து மக்களுள் நூற்றுக்கு நால்வர் அளவில் இக்குறையை உடையர் என்பதும் அப்போதே தெரிந்தது. ஏறத்தாழ 30,000 ஆண்டுகளுக்கு முன்னர் யாரோ ஒருவரிடம் தோன்றிய பிழை இவர்கள் அனைவரிடமும் வழிவழியாக வந்திருக்கின்றது என அவர்கள் கணித்தனர். ஏடு ஒப்புநோக்குவோர் கையாளும் முறைக்கு இது மிக அணுக்கமானது அன்றோ?

தசரா விழாவின்போது குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மன் கோயிலில் இலட்சக்கணக்கானோர் கூடுவர். பலர் பற்பல வேடம் புனைந்து வருவர். அக்கூட்டத்தில் ஆயிரவரை எண்ணினால், மேற்கூறிய கணக்கின்படி நாற்பதின்மர் அளவில் இக்குறையை உடையராதல் கூடும். அவர் இன்னார் என அறிய இயலாது, அவர்களே அறியார். அவர்களுட் பலர் முதுமைவரை நோயின்றி வாழவும் கூடும். ஏழு மடங்கு என்ற சொல் கேட்டு நடுங்குவார் ஒன்றை எண்ணுதல் வேண்டும். சிறிய எண்ணை ஏழாற் பெருக்கினாலும் வருவது பெரும்பாலும் சிறிய எண்ணே. மேலும், குருதிக்குழாய் அடைபட்டு வரும் மாரடைப்பு வேறு; இங்குக் கூறப்படுவது இதயத் தசையே தடித்தும் விரிந்தும் தளரும் நோய்.

இத்துணைத் தீங்குடைய பிழை மறையாது நிலைத்தது எங்ஙனம்? நோய் பெரும்பாலும் நடுவயதைக் கடந்த பின்னரே வெளிப்படும். அதற்குள் மக்களைப் பெற்று வளர்த்துவிடுவர்; ஏடு பெயர்த்தெழுதப்பட்டு விடுகின்றது. இளமையில் உயிரணுக்கள் திரிந்த புரதத்தைச் சிதைத்து அகற்றுகின்றன என்றும், அவ்வாற்றல் முதுமையிற் குன்றுகின்றது என்றும் அறிஞர் கருதினர்.

பெற்றோருள் ஒருவர் இக்குறையின் ஒரு படியை உடையராயின், ஒவ்வொரு குழந்தைக்கும் அது செல்லும் வாய்ப்புப் பாதி. இருவரும் உடையராயின், நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் குழந்தைக்கு இரண்டு படிகளும் பிழையுடையனவாய் அமையும். அத்தகையோர்க்கு இளமையிலேயே நோய் கடுமையாகத் தோன்றிய நிகழ்ச்சிகள் உண்டு. மாமன் மகளையும் அத்தை மகளையும் மணக்கும் வழக்கமுடைய நம் நாட்டில் இச்செய்தி பெரிதும் எண்ணத்தக்கது. ஒரே பாட்டனிடமிருந்து ஒரே பிழை இருவழியாலும் வந்து சேர்தல் அங்கு எளிது.

2018ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வாழும் தெற்காசிய மரபினர் ஏறத்தாழ 2,400 பேரை ஆராய்ந்தபோது மற்றொரு நுட்பம் வெளிப்பட்டது. இக்குறையுடையோருட் பத்தில் ஒருவர் அளவினர்க்கு, அதே மரபணுவில் வேறோர் இடத்தில் ஓரெழுத்து மாற்றமும் இருந்தது. இதயம் இயல்பினும் மிகுந்த விசையோடு சுருங்கும் குறி அவர்களிடமே காணப்பட்டது. ஆகவே இக்குறையுடையோர் எல்லார்க்கும் இடர் ஒரே அளவினதன்று. குடும்பத்தில் ஒருவர்க்கு இதயத் தசை நோய் இருப்பின், உடன்பிறந்தாரும் மக்களும் மருத்துவரிடம் சென்று, ஒலியலையால் இதயத்தின் அசைவைக் காட்டும் எக்கோ சோதனையைச் செய்துகொள்ளலாம்; மூச்சிரைப்பும் கால்வீக்கமும் தோன்றுமுன்னரே அது தசையின் தடிப்பைக் காட்டவல்லது.