குவார்க் எந்தப் பக்கம் சாய்கிறது?

புரோட்டானின் ஆரம் சுமார் 0.84 ஃபெம்டோமீட்டர். ஒரு மில்லிமீட்டரை லட்சம் கோடியாகக் கூறுபோட்டால் ஒரு கூறுதான் ஒரு ஃபெம்டோமீட்டர். அத்தனை நெருக்கடியில் அடைபட்ட, புரோட்டானின் உட்கூறான குவார்க்கால் அசையாமல் இருக்க முடியாது. 1960களின் பிற்பகுதியில் ஸ்டான்ஃபோர்டு முடுக்கியில் தொடங்கிய சிதறல் சோதனைகள், புரோட்டான் ஓடும் திசையில் குவார்க் சுமக்கும் உந்தத்தைக் காட்டின. குறுக்குவாட்டு அசைவு பிடிபட வெகுகாலம் ஆயிற்று.

காரணம் இருக்கிறது. குவார்க்கைத் தனியே வெளியே எடுக்க முடியாது. எலெக்ட்ரானால் அடிபட்ட மறுகணமே அது பயான் போன்ற துகள்களாகிவிடும். எனவே சிதறிய எலெக்ட்ரானோடு பயானையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். எலெக்ட்ரான் விலகிய விதம் அடி விழுந்த திசையைச் சொல்லும். அந்தத் திசையைவிட்டுப் பயான் எவ்வளவு ஒதுங்கியது என்று பார்க்கலாம். அந்த ஒதுக்கத்தில் ஒரு பங்கு குவார்க்கிடம் முன்பே இருந்தது, மறுபங்கு பயானாகும்போது சேர்ந்தது. இரண்டையும் பிரிப்பதுதான் பெரும்பாடு.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், நிலத்தடியில் 6.3 கிலோமீட்டர் சுற்றளவுள்ள ஹீரா முடுக்கி வளையத்தில் ஹெர்மீஸ் என்ற சோதனை நடந்தது. 2,760 கோடி எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலில் சுழலும் பாசிட்ரான் (எலெக்ட்ரானின் எதிர்த்துகள்) கற்றையின் பாதையில் ஒரு மெல்லிய குழாய். அதற்குள் ஹைட்ரஜன் அணுக்களை வாயுவாகச் செலுத்தினார்கள். அவற்றின் புரோட்டான்களின் தற்சுழற்சி கற்றைக்குக் குறுக்காக நிறுத்தப்பட்டிருக்கும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அதைத் தலைகீழாகத் திருப்புவார்கள். இந்தத் திருப்பலை எண்ணி நான் வியக்காத நாளில்லை. பயான்கள் ஒரு பக்கமாக ஒதுங்குவதில், கருவியின் கோளாறால் வரும் சாய்வு திருப்பினாலும் அப்படியே நிற்கும். குவார்க்கால் வரும் சாய்வு மட்டும் பக்கம் மாறும்.

2005இல் வந்த முடிவில் நேர்மின் பயான்கள் ஒரு பக்கமாகச் சில சதவீதம் சாய்ந்திருந்தன. எதிர்மின் பயான்களில் சாய்வு ஏறக்குறைய இல்லை. புரோட்டானிலுள்ள இருவகைக் குவார்க்குகளான அப் குவார்க்கும் டவுன் குவார்க்கும் எதிரெதிர்ப் பக்கம் சாய்வதாகக் கொண்டால் இது பொருந்திவரும்.

இப்படியொரு சாய்வு இருக்கலாமென இயற்பியலாளர் டென்னிஸ் சிவர்ஸ் 1990இல் எழுதினார். சமச்சீர் விதிப்படி அது பூஜ்யம்தான் என்று 1993இல் ஜான் காலின்ஸ் வாதிட்டார். அடிபட்டு வெளியேறும் குவார்க்கை மிச்சமுள்ள புரோட்டான் பின்னாலிருந்து இழுப்பதையும் கணக்கில் சேர்த்தால் பூஜ்யமாகாது என்று 2002இல் பிராட்ஸ்கி, ஹ்வாங், ஷ்மிட் மூவரும் காட்டினார்கள். காலின்ஸ் தன் வாதத்தைத் திருத்திக்கொண்டு, அதே ஆண்டில் துணிச்சலான ஒரு கணிப்பையும் முன்வைத்தார்: குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் மோதி அழிந்து ம்யூவான் இணை பிறக்கும் வினையில், இழுவிசை மோதலுக்கு முன்பே செயல்படுவதால் சாய்வின் குறி மாறவேண்டும்.

செர்ன் ஆய்வகத்தின் காம்பஸ் சோதனை, பயான் கற்றையை, புரோட்டான்களின் தற்சுழற்சி குறுக்காக நிறுத்தப்பட்ட அம்மோனியா மீது செலுத்தி இதைத் தேடியது. 2017இல் வெளியான முடிவு குறி மாற்றத்தோடு ஒத்துப்போகிறது. பிழை வரம்பு மட்டும் இன்னும் அகலமாகவே இருந்தது.